மெல்ல இறங்கிய மிதி: என் ஸ்பிட்ஃபயரின் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிய அனுபவம்

சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்தி, பிரேக் மிதியின்மேல் காலை வைத்தபடி காத்திருந்தேன். இங்கிலாந்தின் வார்விக் நகருக்குள் நுழையும் அந்தச் சாலை சற்றே சரிவானது. காலுக்கடியில் ஏதோ இளகுவதுபோல் இருந்தது. இருக்கையில் நான்தான் சரிந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து நிமிர்ந்தேன். மிதி இன்னும் கொஞ்சம் இறங்கியது. நான் அழுத்தத்தைக் கூட்டவே இல்லை. கால் வைத்த கனத்துக்கே, சேற்றில் ஊன்றிய கழிபோல அது தரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வண்டி நகர ஆரம்பித்து, முன்னால் நின்ற காரின் பின்விளக்குகள் பெரிதாகத் தெரிந்தன. கை பிரேக்கை இழுத்தேன். வண்டி நின்றுவிட்டது, நெஞ்சுப் படபடப்பு அடங்கத்தான் நேரமாயிற்று.

கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு கவென்ட்ரியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நாள் அது. பச்சை விழுந்ததும் வண்டியை ஓரங்கட்டி, மிதியை மறுபடி அழுத்திப் பார்த்தேன். கல்லாட்டம் கெட்டியாக நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே. இந்தக் கோளாறின் பெரிய ஆபத்தே இதுதான். ஓங்கி மிதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். மென்மையாகக் காலை வைத்துக் காத்திருந்தால்தான் உண்மை வெளியே வரும். வீட்டுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மைல்தான், மெதுவாக ஓட்டிப் போய்விடலாமே என்று மனம் சொன்னது. ஓட்டவில்லை. மீட்பு லாரியை அழைத்து, வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன். அந்த முடிவுக்கு என் அப்பாதான் காரணம். அதைச் சொல்ல, வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் இருப்பது 1968இல் செய்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. 1296 சிசி எஞ்சின், 75 குதிரைத்திறன், இரண்டே இருக்கைகள், மடக்கும் துணிக்கூரை. நான் குடியிருக்கும் இதே கவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில்தான் 1962 முதல் 1980 வரை ஸ்பிட்ஃபயர்கள் பிறந்தன. ஆனால் நான் இந்த வண்டியைத் தேடிப்போய் வாங்கியதற்கு கவென்ட்ரி காரணமில்லை. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டமும் முன்சக்கர அமைப்பும் டிரயம்ப் ஹெரால்டிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டைத்தான் 1960களில் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வெளிர்நீலத்தில் ஒன்று நின்றது. முன்பக்கம் முழுவதும், விளக்குகளும் மட்காப்பும் சேர்ந்து, முதலை வாய் திறப்பதுபோல் முன்னோக்கிக் கவிழும். அப்பா முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்ப்பார். இங்கிலாந்தில் ஒரு கொட்டகையில் முதன்முதலாக ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் தூக்கியபோது, உட்காரச் சொல்லி யாரோ இடம் காட்டியதுபோல் இருந்தது எனக்கு.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் காலையில் எஞ்சினை உயிர்ப்பித்த பிறகு, வாசலைத் தாண்டுவதற்கு முன், பிரேக்கில் காலை வைத்து இருபது வரை வாய்விட்டு எண்ணுவார். பின்னிருக்கையிலிருந்து நாங்களும் சேர்ந்து எண்ணுவோம். விளையாட்டு என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மிதி இறங்குகிறதா என்றுதான் அவர் பார்த்திருக்கிறார் என்பது, வார்விக் சாலையோரத்தில் லாரிக்காகக் காத்திருந்த அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எனக்கு விளங்கியது.

மாஸ்டர் சிலிண்டர் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. மிதியை அழுத்தும்போது ஒரு தண்டு சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் நகரத் தொடங்கியதுமே மேலே உள்ள திரவக் கிண்ணத்துக்குப் போகும் வழி அடைபடுகிறது. அதன்பின் உள்ளே அகப்பட்ட திரவத்துக்கு வெளியேற வழியில்லை. குழாய்கள் வழியாக நாலு சக்கரங்களுக்கும் அழுத்தம் போகிறது. காலை எடுத்ததும் சுருள்வில் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, வழி மறுபடி திறக்கிறது. இவ்வளவையும் காப்பது பிஸ்டனைச் சுற்றியும் வால்வின் முனையிலும் இருக்கும் ரப்பர் சீல்கள். அவற்றின் உதடு தேய்ந்துவிட்டால் திரவம் அவற்றைத் தாண்டிப் பின்னால் கசியும். ஓங்கி மிதிக்கும்போது அந்த அழுத்தமே உதட்டை விரித்துச் சிலிண்டர் சுவரோடு ஒட்டவைக்கும். மெல்ல மிதிக்கும்போது அது விரிவதில்லை. வார்விக்கில் எனக்கு நடந்தது அதுதான்.

ஆனாலும் ஊகத்தை வைத்துக்கொண்டு பாகம் வாங்கக் கூடாது. மிதி பல விதமாகக் கெடும், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்து மிதித்தால் மேலே வந்தால், பெரும்பாலும் பின்சக்கர டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. ஒரே நிலையில் அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல இறங்கிக்கொண்டே போனால், ஒன்று எங்கோ வெளியே ஒழுகுகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கசிகிறது. நாலு சக்கரங்களின் உட்புறத்தையும் விளக்கடித்துப் பார்த்தேன், ஈரமில்லை. கிண்ணத்தில் அளவு குறையவில்லை. பிறகு, சக்கரங்களுக்குப் போகும் வளையும் ரப்பர் குழாய்கள் நான்கையும், அதற்கென்றே விற்கும் உருண்டை முனைக் கவ்விகளால் நெருக்கி அடைத்தேன். குழாய்கள் இரண்டு வருடத்துக்கு முன் மாற்றியவை என்பதால் துணிந்தேன். பழைய குழாயை இப்படி நெருக்கினால் உள்சுவர் கிழிந்துவிடும். இப்போது சக்கரங்கள் கணக்கிலேயே இல்லை. மிதியில் காலை வைத்து எண்ணினேன். பதினொன்றில் இறங்கத் தொடங்கியது. சந்தேகம் தீர்ந்தது.

சீல் ஏன் திடீரென்று தேய்ந்தது என்ற கேள்விக்கான பதில்தான் எனக்கு அதிகம் வலித்தது. ஒரு மாதத்துக்கு முன் நானே பிரேக் திரவத்தை மாற்றியிருந்தேன். காற்றெடுக்கும்போது, அதாவது குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்றும்போது, மிதியைத் தரைவரை அழுத்தச் சொன்னேன், பல தடவை. அன்றாடம் ஓட்டும்போது பிஸ்டன் சிலிண்டரின் முதல் பாதியில் மட்டுமே போய் வருகிறது. அந்தப் பகுதி கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால், பல வருடமாகச் சீல் தொடாத இடத்தில், திரவம் உறிஞ்சிய ஈரத்தால் துருப்பிடித்துச் சொரசொரப்பாகி இருக்கும். மிதியைத் தரைவரை கொண்டுபோனால் மென்மையான ரப்பர் உதடு அந்தச் சொரசொரப்பின்மேல் உரசிக் கிழிகிறது. நல்ல எண்ணத்தோடு செய்த பராமரிப்பே வண்டியின் பிரேக்கைக் கெடுத்திருக்கிறது. பழைய வண்டியில் காற்றெடுக்கும் எவரும் மிதிக்குக் கீழே ஒரு மரத்துண்டை வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மிதி பாதி தூரம் போனால் போதும்.

சிலிண்டரைக் கழற்றும் வேலை, அது இருக்கும் இடத்தால், இந்த வண்டியில் ஒரு சுகம். பானெட்டைக் கவிழ்த்துவிட்டு, வலது முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்தால், ஓட்டுநர் பக்கத் தடுப்புச் சுவரில் பிரேக்குக்கு ஒன்று, கிளட்சுக்கு ஒன்று என இரண்டு சிலிண்டர்களும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. முதுகு வளைக்க வேண்டாம், டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுக்க வேண்டாம்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணிகளும் அருகில் வைத்தேன். பிரேக் திரவம் பெயின்டைத் தின்னும். சொட்டு விழுந்த இடத்தைத் துணியால் துடைத்தால் போதாது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். நான் ஊற்றும் டாட் 4 வகைத் திரவம் தண்ணீரில் கரையும் என்பதால் கழுவினால் போய்விடும். கிண்ணத்தில் இருந்ததை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். தேநீர் நிறத்தில் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் ஊற்றிய புதுத் திரவம் ஏன் இப்படி என்று நினைத்தேன். அரைபட்ட ரப்பர் அதில் கலந்திருந்தது.

அடுத்தது குழாய் நட்டு. இங்கே சாதாரண வாய்திறந்த ஸ்பேனரைப் பயன்படுத்தவே கூடாது. பித்தளையோ மெல்லிய எஃகோ, அந்த நட்டின் மூலைகள் ஒரே வழுக்கலில் உருண்டையாகிவிடும். நட்டைச் சுற்றி ஐந்து பக்கம் பிடித்து, குழாய் நுழைய மட்டும் ஒரு வெட்டு விட்டிருக்கும் பிரேக் குழாய் ஸ்பேனர் வேண்டும். என் வண்டிக்கு 7/16 அங்குலம். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் தெளித்திருந்தேன். நட்டு அசைந்தது. ஆனால் அதோடு குழாயும் சேர்ந்து முறுகியது. ஐம்பது வருடத்தில் இரண்டும் ஒன்றாகிப்போயிருக்கின்றன. முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பார்த்தேன், சுடவைத்துப் பார்த்தேன், பிரியவில்லை. முறுகிய குழாயை மறுபடி பொருத்தலாமே என்ற யோசனை ஒரு கணம் வந்தது. அந்த ஒரு குழாய் வழியாகத்தான் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போகிறது. அறுத்தெடுத்துவிட்டு, செம்பு நிக்கல் கலந்த குனிஃபர் குழாயில் அதே வளைவுகளோடு புதிதாகச் செய்தேன். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். முனையை விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் கோக்க மறக்காதீர்கள். பழைய முனை எந்த வடிவில் விரிந்திருக்கிறதோ அதே வடிவில் புதியதும் இருக்க வேண்டும். அதைப் பார்த்துவைக்க, அறுத்த துண்டை வேலை முடியும்வரை தூக்கிப்போடக் கூடாது.

சிலிண்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் உறையை மடித்தால், மிதியின் மேல்முனையையும் தள்ளுதண்டையும் இணைக்கும் கிளெவிஸ் பின் தெரியும். அது கழன்றுவிடாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி உருவி, கிளெவிஸ் பின்னைத் தட்டி எடுத்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய பின்னின் நடுவில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத இந்தத் துண்டுதான் இத்தனை நாள் மிதியின் ஆரம்ப ஆட்டத்துக்குக் காரணம். இங்கே தேயும் ஒரு மில்லிமீட்டர், மிதியின் நெம்புகோல் நீளத்தால் காலடியில் பல மில்லிமீட்டராகப் பெருகும். சிலிண்டர் வாங்கும்போது புதிய கிளெவிஸ் பின்னும் ஸ்ப்ளிட் பின்னும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மொத்தச் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு போல்ட்டுகளைக் கழற்றியதும் சிலிண்டர் கைக்கு வந்தது.

மேசையில் வைத்துப் பிரித்தேன். அப்பா காலத்தில் யாரும் சிலிண்டரை முழுதாக மாற்றியதில்லை. புதுப்பேட்டையில் சீல் செட் வாங்கி வந்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். அது நியாயமான வழியும்கூட. எனக்கும் அதே ஆசைதான். உறையை உருவி, தண்டைப் பிடித்துவைக்கும் சர்க்கிளிப் என்ற வளையத்தை எடுத்து, தண்டை வெளியே இழுத்தேன். பிஸ்டன் வரவில்லை. குழாய் துவாரத்தில் சைக்கிள் பம்பை வைத்து, எதிரே துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காற்றடித்ததும் வழுக்கி வந்தது. கம்ப்ரசர் காற்றை இங்கே பயன்படுத்த வேண்டாம். பிஸ்டன் குண்டுபோல் பாயும். சீலின் உதட்டில் மூன்று இடத்தில் கீறல். சிலிண்டரை டார்ச்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அடிப்பகுதியில் கருப்புப் புள்ளிகள், அம்மைத் தழும்புபோல். விரல் நகத்தை அதன்மேல் ஓட்டினேன், நகம் தட்டியது.

நகம் தட்டினால் சீல் செட் வேண்டாம். இதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு. பள்ளம் மறையும்வரை உள்ளே தேய்த்து வழவழப்பாக்கலாம் என்பார்கள். அப்படித் தேய்த்தால் உள்விட்டம் அகலும், சீல் தளரும், சில மாதங்களில் பழைய கதைதான். புதிய சிலிண்டர் வாங்கலாம், அல்லது பழைய உடலுக்குள் துருப்பிடிக்காத எஃகில் புதிய உள்ளுறை போட்டுத் தரும் பட்டறைக்கு அனுப்பலாம். இரண்டாவது வழி நீண்டநாள் நிற்கும், ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் புதியதை வாங்கிவிட்டு, பழையதைக் கழுவித் துடைத்து எடுத்துவைத்தேன். 1968இல் வார்த்த உடலைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஒருநாள் உள்ளுறை போட்டுத் திரும்ப மாட்டுவேன்.

வாங்கிய கதை தனி. ஒரு கடையில் வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்லி வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தால் எல்லாம் பொருந்துவதுபோல்தான் இருந்தது. போல்ட் துளைகள் ஒன்று, உயரம் ஒன்று. தற்செயலாகத்தான் உடலின் பக்கவாட்டில் வார்த்திருந்த எண்ணைப் பார்த்தேன். என் பழையதில் 5/8 என்று இருந்தது, புதியதில் .70. அதாவது உள்விட்டம் 15.9 மில்லிமீட்டருக்குப் பதில் 17.8. இரண்டு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் கணக்கு விட்டத்தில் இல்லை, பரப்பில் இருக்கிறது. முதலாவதின் பரப்பு ஏறக்குறைய 198 சதுர மில்லிமீட்டர், இரண்டாவதின் பரப்பு 248. அதே அழுத்தத்தைக் குழாயில் உண்டாக்க, நூற்றுக்கு இருபத்தைந்து கூடுதல் விசையோடு மிதிக்க வேண்டும். மிதி குறைவாக இறங்கும், கெட்டியாகவும் இருக்கும். அடடா, என்ன உறுதியான பிரேக் என்று ஓட்டுபவர் மகிழ்ந்துபோவார். ஆனால் வண்டி நிற்பதற்கு அதிகம் பாடுபட வேண்டும். இந்த வண்டியில் மிதிக்கு உதவும் வேக்குவம் பூஸ்டர் எதுவும் கிடையாது. திருப்பி அனுப்பி, சரியான அளவை வரவழைத்தேன். பழைய சிலிண்டரில் உள்ள எண்ணைப் படித்துவிட்டுத்தான் பாகத்தைக் கேட்க வேண்டும், வண்டியின் பெயரைச் சொல்லி அல்ல. இத்தனை வருடத்தில் யாராவது வேறொன்றை மாட்டியிருக்கவும் கூடும்.

சரியான சிலிண்டர் வந்த பிறகும் தள்ளுதண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். புதியது சற்று நீளம். தண்டு நீளமாக இருந்தால் காலை எடுத்த பிறகும் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வராது. கிண்ணத்துக்குப் போகும் வழி திறக்காது. சக்கரங்கள் சூடேற, சூட்டில் திரவம் விரிய, விரிந்த திரவத்துக்குத் திரும்பிப் போக இடமில்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பழைய தண்டைத் துடைத்து, சர்க்கிளிப்பால் புதிய சிலிண்டரில் மாட்டிவிட்டேன். பொருத்திய பிறகு மிதியைக் கையால் தொட்டால் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் ஒரு சிறு ஆட்டம் இருக்க வேண்டும். இருந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். தமிழில் நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோம். அப்பா அப்படித்தான் சொன்னார், நானும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் அது ஆயில் இல்லை. டாட் 3, டாட் 4 ஆகியவை கிளைகால் வகைத் திரவங்கள். பெயரை நம்பி யாராவது எஞ்சின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ கிண்ணத்தில் ஊற்றினால், சீல்கள் ஊறி வீங்கி, பிரேக் அமைப்பில் உள்ள ஒவ்வொரு ரப்பர் பாகமும் நாசமாகும். புட்டியின் பெயரைப் படித்து ஊற்றுங்கள். சீலுக்குத் தடவுவதற்கும் சாதாரண கிரீஸ் ஆகாது. சிவப்பு ரப்பர் கிரீஸ் என்று தனியாக உண்டு, இல்லையென்றால் புதிய பிரேக் திரவத்தையே தடவலாம். டாட் 5 என்ற எண்ணைப் பார்த்து, டாட் 4ஐவிட உயர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். அது சிலிகான், மற்றவற்றோடு கலக்காது. டாட் 5.1 மறுபடி கிளைகால். இந்தக் குழப்பத்துக்கு எண் வைத்தவர்கள்தான் பொறுப்பு.

டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில், தரவிதி கேட்கும் கொதிநிலை 155 டிகிரிதான். மலைச்சாலையில் இறங்கும்போது டிஸ்க்கின் சூடு அதைக் கவ்வும் கேலிபருக்கு ஏறி, அங்கே திரவம் கொதித்து ஆவியானால், மிதிக்கு அடியில் வெறும் குமிழ்கள்தான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். திறந்துவைத்த புட்டியில் போன வருடம் மிச்சமானதையும் ஊற்றக் கூடாது.

புதிய சிலிண்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன் மேசையிலேயே அதன் காற்றை எடுத்துவிட்டேன். மேசைக் கவ்வியான வைஸில் மெதுவாகப் பிடித்து, கிண்ணத்தை நிரப்பி, வெளிவாயில் ஒரு குழாயை மாட்டி அதன் மறுமுனையைக் கிண்ணத்துக்குள்ளேயே மூழ்கவைத்து, தண்டை மெல்ல மெல்லத் தள்ளினேன். முதலில் இருமுவதுபோல் குமிழ்கள், பிறகு தெளிந்த திரவம் மட்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் மாட்டினால் சிலிண்டரின் தலையில் தங்கும் காற்றை நான்கு சக்கரங்கள் வழியாக வெளியேற்ற அரைநாள் ஆகும். கிண்ணத்தின் மூடியில் ஊசிமுனையளவு ஒரு துளை உண்டு. அது அடைபட்டிருந்தால் உள்ளே வெற்றிடம் உருவாகும். குண்டூசியால் குத்திப் பார்த்துவிட்டு மூடினேன். குழாய் நட்டை முதலில் கையாலேயே மூன்று சுற்று திருகினேன். போல்ட்டுகளை இறுக்குவதற்கு முன் இதைச் செய்தால் சிலிண்டரை அசைத்து நட்டுக்கு நேராகக் கொண்டுவரலாம், மரை பிறழாது.

காற்றெடுக்க ஆள் வேண்டும். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகளைக் கூப்பிட்டேன். பின்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் தாங்கிகளில் நிறுத்தி, முதலில் பின்சக்கரங்களின் ஷூ இடைவெளியைச் சரிசெய்தேன். டிரம்முக்குப் பின்னால் ஒரு சதுரத் தலை இருக்கும். சக்கரம் சுற்றாமல் நிற்கும்வரை அதை இறுக்கி, பிறகு ஒரு சொடுக்கு தளர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் காற்றெடுத்துவிட்டு மிதி ஆழமாகப் போகிறதே என்று சிலிண்டரைக் குறைசொல்பவர்கள் உண்டு.

சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, படிப்படியாக அருகில் வந்து, ஓட்டுநர் பக்க முன்சக்கரத்தில் முடிப்பது முறை. மிதிக்குக் கீழே மரத்துண்டு. சக்கரத்தின் பின்னால் காற்றை வெளியேவிடும் திருகான நிப்பிளில் தெளிந்த பிளாஸ்டிக் குழாய், அதன் முனை புட்டியில் உள்ள திரவத்துக்குள்.

“அமுக்கு” என்றேன்.

“அமுக்கிவிட்டேன், அப்பா.”

நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன். குமிழ்கள் வரிசையாக ஓடின.

“கட்டையைத் தொட்டுவிட்டது.”

“அப்படியே பிடி. எடுத்துவிடாதே.” நிப்பிளை மூடினேன். “இப்போது விடு. மெதுவாக.”

இந்த வரிசைதான் உயிர். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் வெளியே போன காற்றை வண்டி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆறு ஏழு தடவைக்கு ஒருமுறை கிண்ணத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். மூன்றாவது சக்கரத்தில் நான் பேச்சுவாக்கில் மறந்துவிட்டேன்; கிண்ணம் வற்றி, காற்று உள்ளே போய், முதலிலிருந்து மறுபடி தொடங்கினோம். மகள் முகம் சுளிக்கவில்லை. வெளியே வந்த திரவத்தைப் புதிதுதானே என்று திரும்ப ஊற்றவும் கூடாது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் மிதி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கெட்டியாக நின்றது. எஞ்சினை உயிர்ப்பிக்கவில்லை. மகளை முழு பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சும் வெள்ளைக் காகிதமுமாக ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்தேன். நான் புதிதாகச் செய்த குழாயின் முனையில் காகிதம் ஈரமானது. நட்டை இன்னும் சற்று இறுக்கினேன்; நின்றுவிட்டது. இருந்தாலும் மனம் ஒப்பாமல் கழற்றி, முனையை மறுபடி விரித்து, மறுபடி மாட்டி, மறுபடி காற்றெடுத்தோம். இருட்டிவிட்டது. இறுக்கி அடக்கிய கசிவை நம்பி ஓட்ட எனக்குத் தைரியமில்லை.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். அமெரிக்காவில் 1968 முதல் விற்ற கார்களில் பிரேக்குக்கு இரண்டு தனித்தனிச் சுற்று வேண்டும் என்று விதி வந்தது. ஒன்று போனாலும் மற்றொன்று நிறுத்தும். பிரிட்டனில் விற்ற என் வண்டியில் ஒரே சுற்றுதான். ஒரு சீல், ஒரு நட்டு, ஒரு குழாய் போனால் நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை. கம்பியால் இழுக்கும் கை பிரேக் மட்டுமே மிஞ்சும். அதோடு, 2018 மே முதல் இங்கே நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு எம்ஓடி என்னும் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. எனக்கு அது சலுகையாகத் தெரியவில்லை. வேறு எவரும் என் வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பார்க்கப்போவதில்லை என்றாகிறது. நானாகவே கேட்டு வருடாவருடம் அந்தச் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். இந்தத் தடவையும் போனேன். சக்கரங்களைச் சுழற்றி பிரேக்கைச் சோதிக்கும் உருளைகளில் இடதும் வலதும் சமமாக இழுக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் வாரம் தெருவுக்குள் மட்டும் ஓட்டினேன். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் கையைச் சக்கரங்களுக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன். சிலிண்டருக்குப் பின்னால் ரப்பர் உறைக்குக் கீழே ஒரு மடித்த காகிதத்தைச் செருகிவைத்தேன். மூன்று வாரமும் உலர்ந்தே இருந்தது. பக்கத்தில் உள்ள கிளட்ச் சிலிண்டருக்கும் அதே வயது என்பதால் அதையும் இந்தக் குளிர்காலத்தில் பிரித்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு எட்ஜ் ஹில் பக்கம் போனேன். அங்கே சன்ரைசிங் ஹில் என்ற சாலை வார்விக்‌ஷயர் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும். கூரையை மடித்துவிட்டிருந்தோம். இறக்கம் தொடங்குவதற்கு முன், சாலையோரம் அகன்ற இடத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைத் தளர்த்திவிட்டு, மிதியில் காலை மெல்ல வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஐந்தோ ஆறோ வந்தபோது, காரணம் கேட்காமலே, பக்கத்து இருக்கையிலிருந்து அவளும் சேர்ந்துகொண்டாள். இருபது வந்தது. மிதி வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது கியரில் போட்டு இறங்கினோம்.